ஆடிக் காற்றும் பங்குனிக் கணக்கும்

காற்றாலை மின்சாரத்தின் நம்பகத்தன்மை, அதன் வெளியே தெரியாத செலவுகள் குறித்து ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்



காற்றாலையைப் பற்றிப் பேச எழுந்தால் போதும், பேசுகிறவரை நம் ஊரில் ஏதாவது ஒரு கட்சியில் சேர்த்துவிடுவார்கள். காற்று இலவசம், நிலக்கரி வாங்க வேண்டாம், சாம்பல் கொட்ட வேண்டாம், இதைவிட மலிவான மின்சாரம் எங்கே இருக்கிறது என்பது ஒரு கட்சி. அடித்தால் உண்டு, அடிக்காவிட்டால் இல்லை, இதை நம்பி ஒரு மாநிலம் விளக்கேற்ற முடியுமா என்பது எதிர்க்கட்சி. இரண்டு பேருமே பாதிக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் காற்றாலை வேண்டும் என்கிறவன். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனிச் சொல்லப்போவதில் பெரும்பகுதி செலவுக் கணக்கு. வேண்டும் என்கிறவன்தான் செலவை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

முதலில் காற்று. தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் வந்து மோதுகிறது. மலை தாழ்ந்திருக்கும் இடங்களில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு கிழக்கே பாய்கிறது. வடக்கே பாலக்காட்டுக் கணவாய். அதற்கு நேர் எதிரே பல்லடம், உடுமலை, தாராபுரம் வட்டாரம். அதற்குத் தெற்கே கம்பம் பள்ளத்தாக்கு. பிறகு செங்கோட்டைக் கணவாய். அந்தக் காற்று சுரண்டையைக் கடந்து கயத்தாறு வரை வருகிறது. கடைக்கோடியில் ஆரல்வாய்மொழி. நாகர்கோவிலுக்குப் பேருந்தில் போகிற யாரும் முப்பந்தலில் சன்னலுக்கு வெளியே பார்க்காமல் இருந்திருக்க மாட்டார்கள். 1986ல் தூத்துக்குடிக்குப் பக்கத்தில் முள்ளக்காட்டில் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்து வெள்ளோட்டம் பார்த்த மாநிலம் இது. இன்று நம் காற்றாலைகளின் நிறுவுதிறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நெடுங்காலம் நாட்டில் முதலிடத்தில் இருந்தோம், அண்மையில்தான் குஜராத் முந்தியது.

இந்தக் காற்றை நிலையற்றது என்று சொல்வது அதற்குச் செய்கிற அநியாயம். வைகாசி பிற்பகுதியில் தொடங்கும், ஆனி ஆடியில் உச்சம், புரட்டாசியில் ஓயும். ஆண்டு உற்பத்தியில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த மாதங்களிலேயே வந்துவிடுகிறது. வருகிற மாதம் நமக்குத் தெரியும். எந்த மணிக்கு எவ்வளவு என்பதில்தான் தகராறு. அதற்கு ஒரு பௌதிகக் காரணம் இருக்கிறது, மாணவர்கள் கவனிக்க வேண்டும். காற்றிலிருந்து கிடைக்கும் திறன் காற்றின் வேகத்தின் முப்படிக்கு ஏற்ப மாறுகிறது. வேகம் இரட்டித்தால் திறன் எட்டு மடங்கு. அது மகிழ்ச்சியான செய்தி. மறுபக்கம், வேகம் பத்து சதவீதம் குறைந்தால் திறன் 27 சதவீதம் போய்விடுகிறது. நொடிக்கு மூன்று, மூன்றரை மீட்டருக்குக் கீழே இயந்திரம் ஒன்றும் தராது. 12 மீட்டர் சுமாரில் முழுத்திறன். 25 மீட்டரைத் தொட்டால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நின்றுவிடும். ஆகவே ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று, ஒரே சாயங்காலத்தில் ஆயிரம் மெகாவாட்டைக் கொண்டுவந்து கொட்டும், இரண்டு மணி நேரத்தில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் செய்யும்.

இதை நம் தேவையோடு சேர்த்துப் பாருங்கள். 2024ஆம் ஆண்டு மே 2ஆம் தேதி தமிழ்நாட்டின் மின்தேவை 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அது சித்திரை வெயில். ஏசி ஓடுகிறது, பம்புசெட் ஓடுகிறது, காற்று இன்னும் கணவாய்க்கு வந்து சேரவில்லை. நம் காற்றாலைகள் உச்சத்தில் 5,000 மெகாவாட்டுக்கு மேல் தரும் நாட்களோ சாரல் விழுந்து ஊர் குளிர்ந்த நாட்கள். பங்குனி சித்திரையில் கேட்கும் கடனை ஆடி வந்து அடைக்கப் பார்க்கிறது. காற்று மின்சாரத்தின் வெளியே தெரியாத செலவுகளில் பாதி இந்தத் தேதிப் பிழையிலிருந்து பிறக்கிறது.

மீதிப் பாதி இயந்திரத்திலிருந்து பிறக்கிறது. அதை முதலில் பார்த்துவிடுவோம்.

இந்த இயந்திரங்கள் இங்கே வந்த கதையில் காற்றுக்கு இருந்த பங்கைவிட வருமான வரிக்கு இருந்த பங்கு குறைவில்லை. 1990களில் காற்றாலை வாங்கினால் அதன் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம். நூற்றுக்கு நூறு. பிறகு அது 80 சதவீதமானது. 2012ல் எடுத்தார்கள், 2014ல் திருப்பிக் கொடுத்தார்கள், 2017 ஏப்ரல் முதல் 40 சதவீதம். அந்த நாளில் நூல் மில்காரர், சிமெண்ட் கம்பெனிக்காரர், சினிமாக்காரர் என்று லாபம் பார்த்த பலரும் காற்றாலை முதலாளி ஆனார்கள். மார்ச் 31க்குள் இயந்திரம் ஓடத் தொடங்கினால் அரைத் தேய்மானமாவது கிடைக்கும் என்பதால், காற்றே இல்லாத பங்குனியில் ராவோடு ராவாகக் கோபுரம் எழுப்பினார்கள். கணக்கு முடிக்கும் தேதிக்குள் இறக்கை சுற்றியாக வேண்டும். எந்த இடத்தில் வைத்தால் இருபது ஆண்டு நன்றாகச் சுற்றும் என்ற கேள்விக்கு அந்த அவசரத்தில் எத்தனை பேர் நேரம் ஒதுக்கியிருப்பார்கள்? ஒன்றின் பின்னால் ஒன்று நெருக்கமாக நட்டதில், முன்வரிசை குடித்து முடித்த எச்சக் காற்றுதான் பின்வரிசைக்குக் கிடைத்தது. வரிச்சலுகை முதல் ஆண்டே கைக்கு வந்துவிட்டபின் இயந்திரம் எவ்வளவு யூனிட் தருகிறது என்று கவலைப்பட முதலாளிக்குக் காரணமும் இல்லாமல் போயிற்று. இயந்திரம் விற்ற கம்பெனிகளில் சில பிற்பாடு காணாமலே போய்விட்டன. அவற்றின் உதிரிபாகங்களுக்கு, ஓடாத இயந்திரத்தைக் கழற்றி ஓடுகிற இயந்திரத்துக்கு மாட்டுவதுதான் வழி என்றாகிவிட்டது.

கோபுரத்துக்குள் போவோம். கீழே ஓர் இரும்புக் கதவு, உள்ளே கட்டுப்பாட்டுப் பெட்டி, மேலே போகச் செங்குத்தான ஏணி. பழைய 250 கிலோவாட் இயந்திரங்களில் முப்பது மீட்டர் உயரம், லிஃப்ட் கிடையாது. இடுப்பில் பெல்ட் கட்டி, கருவிப் பையைத் தனியே கயிற்றில் ஏற்றிக்கொண்டு ஏற வேண்டும். உச்சியில் இருக்கும் அறையை நாசல் என்கிறார்கள். நிமிர்ந்து நிற்க இடம் இருக்காது. கிரீஸ் வாடை, எண்ணெய் கசிந்த தரை, வெயிலில் அடுப்பாய்க் கொதிக்கும் தகடு. நடுவில் உட்கார்ந்திருப்பது கியர்பாக்ஸ். பெரிய இயந்திரங்களில் இறக்கை நிமிடத்துக்குப் பதினைந்து சுற்று சுற்றும், ஜெனரேட்டருக்கு 1,500 சுற்று வேண்டும். நூறு மடங்கு வேகத்தைக் கூட்டித் தருவது அந்தப் பெட்டி. காற்று ஒரே சீராக அடித்தால் அதற்கு ஒரு குறையும் வராது. கணவாய்க் காற்று அப்படி அடிப்பதில்லை. தள்ளும், விடும், பக்கவாட்டில் உதைக்கும். அந்த உதை அத்தனையும் பல்லிலும் பேரிங்கிலும் இறங்குகிறது. எண்ணெயில் உலோகத் தூள் மினுங்கத் தொடங்கினால் அனுபவசாலிக்கு விஷயம் புரிந்துவிடும். இருபது ஆண்டுக்கென்று வடிவமைத்த கியர்பாக்ஸ், பாதி வயதிலேயே இறங்கி வருவது உலகம் முழுவதும் நடப்பது.

கீழே இறக்கக் கிரேன் வேண்டும். சின்ன இயந்திரம் என்றால் சமாளிக்கலாம். எண்பது, நூறு மீட்டர் கோபுரம் என்றால் அந்தக் கிரேனே பல லாரிகளில் பிரித்து வர வேண்டும், காட்டுப் பாதையைச் செப்பனிட வேண்டும், வழியில் இருக்கிற வயல்காரருக்குப் பயிர் நஷ்டம் கொடுக்க வேண்டும். ஒரு நாள் வேலைக்கு வந்தாலும் வந்துபோகிற கூலி முழுசாகக் கொடுத்தாக வேண்டும். இதில் ஒரு கொடுமை இருக்கிறது. கியர்பாக்ஸ் உடைவது அதிகமாகப் பாரம் விழும் ஆனி ஆடியில். ஆனால் நொடிக்குப் பத்து மீட்டர் சுமாருக்கு மேல் காற்று அடித்தால் கிரேனில் எதையும் தூக்கக் கூடாது. சம்பாதிக்க வேண்டிய காற்றே பழுதுபார்க்க விடாது. ஜூன் மாதம் படுத்த இயந்திரம் காற்று தணியக் காத்திருந்து, சில சமயம் சீசனையே கோட்டைவிட்டுவிட்டுத்தான் எழுந்து நிற்கும்.

மில்காரர்கள் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பராமரிப்பு ஒப்பந்தத்தில் 95 சதவீத நேரம் இயந்திரம் ஓடும் நிலையில் இருக்கும் என்று உறுதி எழுதித் தருவார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து சதவீதம் என்றால் பதினெட்டு நாள். சீசன் ஐந்து மாதத்தில் 70 சதவீத உற்பத்தி என்று வைத்தால், அந்தப் பதினெட்டு நாள் சீசனில் போனால் உங்கள் ஆண்டு வருமானத்தில் எட்டு சதவீதத்துக்கு மேல் போயிற்று. தை மாதத்தில் போனால் இரண்டரை சதவீதம். ஒப்பந்தக்காரருக்கு இரண்டும் ஒன்றுதான், இரண்டிலும் அவர் வாக்கைக் காப்பாற்றிவிட்டார். காற்றில்லாத நாளில் சும்மா நிற்கும் இயந்திரமும் அவர் கணக்கில் 'தயார்' என்றே பதிவாகும். ஆகவே சீசனுக்குத் தனிச் சதவீதம் கேளுங்கள், அல்லது யூனிட்டுக்கு உறுதி கேளுங்கள்.

கட்டணம் நிர்ணயிக்கும்போது நம் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பராமரிப்புக்கு ஒரு விகிதம் வைத்தது. 2009 ஆணையில் இயந்திரச் செலவில் ஆண்டுக்கு 1.1 சதவீதம், பிறகு ஆண்டுதோறும் ஐந்து சதவீதம் கூட்டிக்கொள்ளலாம். கூட்டிக்கொண்டே போனால் இருபதாம் ஆண்டில் தொடக்கச் செலவின் இரண்டரை மடங்கு. காகிதத்தில் அது ஒரு சீரான கோடு. நிஜத்தில் ஏழெட்டு ஆண்டு ஒன்றுமே இல்லாமல் போய், ஒரே மாதத்தில் கியர்பாக்ஸ் வந்து நிற்கும். இடி விழுந்து இறக்கை பிளப்பதும் உண்டு. தாமிரக் கம்பியைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போவதும் உண்டு. மணலும் மழையும் அறைந்து இறக்கையின் முன்விளிம்பு சொரசொரப்பாகி உற்பத்தி மெல்ல இறங்குவதை மீட்டர் மட்டும்தான் சொல்லும், கண்ணுக்குத் தெரியாது. இது பழைய இயந்திரங்களின் சிக்கல், புதியவற்றில் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். 2023ல் சீமென்ஸ் கமேசா நிறுவனத்தின் புதுமாதிரி இயந்திரங்களில் இறக்கையிலும் பேரிங்கிலும் கோளாறு தெரியவந்தது. தாய்க் கம்பெனியான சீமென்ஸ் எனர்ஜி அந்த நிதியாண்டில் காட்டிய நஷ்டம் 460 கோடி யூரோ. அளவு வேகமாகப் பெருகியது, அனுபவம் அதே வேகத்தில் பெருகவில்லை.

இன்னொரு செலவு மீட்டரிலேயே ஒளிந்திருக்கிறது. மாதம் ஒருமுறை ரீடிங் எடுக்க வருகிறவர் ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு போவதில்லை. வெளியே அனுப்பியது எவ்வளவு, உள்ளே இழுத்தது எவ்வளவு, ரியாக்டிவ் எவ்வளவு என்று தனித்தனியே குறிக்கிறார். உள்ளே இழுப்பதா? ஆமாம். காற்று இல்லாதபோதும் கட்டுப்பாட்டுப் பெட்டி விழித்திருக்க வேண்டும், தலையைக் காற்றுப் பக்கம் திருப்பும் மோட்டார் ஓட வேண்டும். பழைய இயந்திரங்களில் இருப்பது இண்டக்‌ஷன் ஜெனரேட்டர். அது மின்சாரம் தருவதற்கே மின்கட்டமைப்பிலிருந்து காந்தமூட்டும் மின்னோட்டத்தைக் கடன் வாங்குகிறது. அதுதான் ரியாக்டிவ். கெப்பாசிட்டர் சரியாக இருந்தால் கடன் குறையும். ஒரு கெப்பாசிட்டர் ஊதிப் போனதைக் கவனிக்காமல் விட்டால், பில்லில் அபராதமாக வந்து சேரும். கிராமத்துப் பீடரில் மின்னழுத்தம் தாழ்ந்து பம்புசெட் மோட்டார் கருகினால் அந்தச் செலவு யார் பில்லிலும் வராது, விவசாயி காயில் கட்டிக்கொள்வார்.

இனித் தேதிப் பிழைக்கு வருகிறேன். பேங்கிங் என்று ஒரு ஏற்பாடு நம்மிடம் உண்டு. ஆடியில் உற்பத்தியான யூனிட்டை மின்வாரியத்திடம் ஒப்படைத்துவிட்டு, ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான அதே கணக்காண்டுக்குள் பழைய இயந்திரம் வைத்திருக்கும் மில் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அறுவடைக் களத்தில் நெல்லை அளந்து கொடுத்துவிட்டு, பஞ்ச மாதத்தில் அதே மரக்கால் நெல்லைத் திருப்பிக் கேட்பது போன்ற ஏற்பாடு. களஞ்சியம் எங்கே என்று கேட்காதீர்கள், மின்சாரத்துக்குக் களஞ்சியம் கிடையாது. ஆடியில் நீங்கள் கொடுத்ததை அன்றைக்கே யாரோ எரித்துவிட்டார்கள். பங்குனியில் நீங்கள் கேட்கும்போது வாரியம் நிலக்கரியை எரித்தோ சந்தையில் வாங்கியோதான் தர வேண்டும். அதற்குக் கூலியாக 2009ல் ஐந்து சதவீத யூனிட்டைப் பிடித்தார்கள், 2016ல் 12, 2018ல் 14. அந்த ஆண்டு ஏப்ரல் முதல் நிறுவிய இயந்திரங்களுக்கு அந்த வசதி ஒரு மாதத்துக்குச் சுருங்கியது.

மில்காரர் சொல்கிறார்: நாங்கள் ஆடியில் தந்ததால்தானே உங்களுக்கு நிலக்கரி மிச்சம், உள்ளூரிலேயே செலவாவதால் கம்பி இழப்பும் குறைவு. வாரியம் சொல்கிறது: மலிவாக இருக்கும்போது தருகிறாய், விலை ஏறியபோது கேட்கிறாய். இரண்டும் உண்மை. ஐந்தா, பதினாலா என்பது பேரம். மின்சந்தையில் பதினைந்து நிமிடத்துக்கு ஒரு விலை வெளிப்படையாகக் கிடைக்கும் இந்தக் காலத்தில், கொடுத்த நேரத்து விலைக்கும் எடுத்த நேரத்து விலைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்குப் போட்டு வாங்குவதுதான் நியாயம் என்பது என் கட்சி. முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மில் உரிமையாளர்கள் சிலரின் முகம் மாறுவது தெரிகிறது. பரவாயில்லை, கேள்வி நேரத்தில் கேளுங்கள்.

2012ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். சென்னைக்கு வெளியே ஒரு நாளில் பன்னிரண்டு, பதினாலு மணி நேரம் மின்வெட்டு. அந்த ஆண்டின் சோகத்தில் ஒரு விசித்திரம் உண்டு. காற்று ஓய்ந்த ஐப்பசியில் ஊர் இருட்டில் கிடந்தது. அதே காலகட்டத்தின் காற்று சீசனிலோ, எடுத்துச் செல்லக் கம்பி போதாமல், ஓடிக்கொண்டிருந்த காற்றாலைகளை நிறுத்தச் சொன்னார்கள். அன்று தென்னக மின்கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதியோடு முழுமையாக இணையவும் இல்லை. 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் இணைந்த பிறகுதான் நாடு முழுவதும் ஒரே கட்டமைப்பானது. பிறகு கயத்தாறில் 400 கிலோவோல்ட் துணைமின்நிலையம், பசுமைத் தடங்கள், ராய்கரிலிருந்து புகளூர் வரை 6,000 மெகாவாட் நேர்மின்தடம். நமக்கு மின்சாரம் கொண்டுவரப் போட்டதென்றாலும், காற்று மிகுந்த நாளில் வடக்கே அனுப்பவும் கூடியதாகவே அதை அமைத்தார்கள். இவை எல்லாம் இல்லாமல் காற்று மின்சாரம் காட்டிலேயே கிடக்கும். ஆனால் ஆண்டில் சில மாதங்கள் மட்டும் நிரம்பி ஓடும் தடத்துக்கும் பன்னிரண்டு மாத வட்டி கட்டியாக வேண்டும்.

2017 பிப்ரவரியில் நடந்த காற்று மின்சார ஏலத்தில் யூனிட் ரூ. 3.46க்கு இறங்கியது, அக்டோபரில் ரூ. 2.64. நாளிதழ்கள் கொண்டாடின. அந்த ஏலங்களில் வென்ற நிலையங்களின் மின்சாரத்துக்கு மாநிலம் விட்டு மாநிலம் செல்லும் தடக் கட்டணம் தள்ளுபடி என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? கம்பிக்கான செலவு காற்றில் கரைந்துவிடவில்லை. அந்தத் தடங்களைப் பயன்படுத்தும் மற்ற எல்லோர் பில்லிலும் பகிர்ந்து விழுந்தது. சலுகை கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை, ஒரு தொழிலை ஊன்ற அது தேவைப்பட்டது. ரூ. 2.64ஐ முழு விலை என்று சொன்னதுதான் தப்பு.

அடுத்து அனல்மின் நிலையங்கள். காற்று வரும்போது அவை ஒதுங்க வேண்டும். முழுக்க ஒதுங்க முடியாது, ஏனென்றால் சாயங்காலம் காற்று இறங்கினால் திரும்ப வர வேண்டும். அணைத்த கொதிகலனை மறுபடி மூட்ட மணிக்கணக்காகும், ஃபர்னஸ் ஆயில் செலவாகும். அதனால் தாழ்ந்த பாரத்தில் ஓட்டிவைக்கிறார்கள். மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016ல் அந்தக் கீழ்வரம்பை 55 சதவீதம் என்று வைத்தது. 40 சதவீதத்துக்கு இறக்க 2023ல் விதி வந்திருக்கிறது. தாழ்ந்த பாரத்தில் ஓடினால் யூனிட்டுக்குக் கூடுதல் நிலக்கரி, ஏறி இறங்கினால் குழாய்களுக்கு அலுப்பு. போதாததற்கு, மின்சாரம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் நிலையத்துக்கு நிலைக்கட்டணம் கொடுக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். இதைக் காற்றின் தலையில் முழுக்கக் கட்டுவது நியாயமில்லை. தேவைக்கு மேல் அனல் ஒப்பந்தம் போட்டது காற்று அல்ல. ஆனாலும் ஒரு பங்கு அதன் கணக்கில்தான் வரும். இதில் நம் வாரியம் செய்கிற ஒரு நல்ல காரியத்தையும் சொல்ல வேண்டும்: அனல் நிலையங்களின் ஆண்டுப் பராமரிப்பைக் காற்று சீசனில் வைத்துக்கொள்கிறார்கள். எந்தப் பொருளாதாரப் பாடநூலும் சொல்லிக்கொடுக்காத சிக்கனம் அது. அதே வாரியம் காற்றாலைக்காரர்களுக்குத் தர வேண்டிய பணத்தை மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டைத் தாண்டியும் இழுத்ததையும் சொல்லத்தான் வேண்டும். தாமதமான பணத்துக்கு வட்டி ஒரு செலவு. வங்கிகள் பயந்து கூடுதல் வட்டி கேட்டது இன்னொரு செலவு.

நம்பகத்தன்மை என்றதும் ஆஸ்திரேலியாவைக் காட்டுவார்கள். 2016 செப்டம்பர் 28 அன்று தெற்கு ஆஸ்திரேலியா மாநிலம் முழுக்க இருண்டது. காற்றாலைகளால் வந்த வினை என்று மறுநாளே பேச்சு. நடந்தது வேறு. சூறாவளியில் மின்கோபுரங்கள் சாய்ந்தன, மின்னழுத்தம் அடுத்தடுத்துச் சரிந்தது. இத்தனை முறைக்கு மேல் சரிந்தால் விலகிவிடு என்று பல காற்றாலைகளின் மென்பொருளில் ஒரு வரம்பு இருந்தது. ஒன்பது பண்ணைகளிலிருந்து 456 மெகாவாட் நொடிகளில் விலகியது. பக்கத்து மாநிலத்திலிருந்து வரும் தடம் அந்தப் பாரத்தைத் தாங்காமல் அறுத்துக்கொண்டது. காற்று அன்று தாராளமாகவே அடித்தது. அப்படி ஒரு வரம்பு இருப்பதே கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை என்பதுதான் விஷயம். பிறகு அந்த அமைப்பை மாற்றினார்கள். நம் பழைய இயந்திரங்களுக்கோ மின்னழுத்தச் சரிவைத் தாங்கி நிற்கும் திறனே இல்லை. ஒரு தடத்தில் கோளாறு வந்தால் கூட்டமாக விலகும். அவற்றை எண்ணிப் பட்டியல் வைத்திருப்பது அவசியம்.

சேமிப்பு? நம்மிடம் ஒன்று இருக்கிறது, பலருக்குத் தெரியாது. ஆனைமலையில் காடம்பாறை. 1980களின் பிற்பகுதியில் ஓடத் தொடங்கிய 400 மெகாவாட் நிலையம். உபரி மின்சாரத்தால் மேல் ஆழியாறு தண்ணீரை மேலே காடம்பாறை அணைக்கு ஏற்றுவது, தேவைப்படும்போது திறந்துவிட்டு மின்சாரம் எடுப்பது. நூறு யூனிட் போட்டால் எழுபத்தைந்து, எண்பது திரும்ப வரும். அது ஒரு நாளுக்குள் நடக்கும் கொடுக்கல் வாங்கல். நீலகிரியில் குந்தாவில் 500 மெகாவாட்டில் இன்னொன்று ஆண்டுக்கணக்காகக் கட்டுகிறார்கள். பேட்டரியும் வருகிறது, விலை இறங்குகிறது. இவை சாயங்காலத்துச் சரிவைச் சமாளிக்கும். ஆடி மாதத்தைப் பங்குனிக்குக் கொண்டுபோக எந்தப் பேட்டரியாலும் இன்றைய விலையில் ஆகாது. அதற்கு வெயில் இருக்கிறது. பங்குனி சித்திரைப் பகல் தேவையைச் சூரிய மின்சாரம் தாங்கும், ஆனி ஆடி மேகத்தைக் காற்று தாங்கும். இந்த இரண்டையும் ஒரே தடத்தில் பொருத்தினால் தடத்தின் வட்டியும் இரண்டின் மேலும் பகிர்ந்து விழும்.

பழைய இயந்திரங்களை எடுத்துவிட்டுப் பெரியவற்றை நிறுவும் திட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டிலேயே சிறந்த காற்று அடிக்கும் இடங்களில் மிகப் பழைய, மிகச் சிறிய இயந்திரங்கள் நிற்கின்றன. 2016ல் மத்திய அரசின் கொள்கை வந்தது, 2024ல் மாநிலத்தின் கொள்கை வந்தது. வேலை நகரவில்லை. ஒரு பெரிய இயந்திரம் வர வேண்டிய இடத்தில் நான்கு முதலாளிகளின் நான்கு சின்ன இயந்திரங்கள் நிற்கும். நால்வரும் ஒத்துவர வேண்டும், நால்வரின் பழைய பேங்கிங் உரிமையும் என்னாகும் என்று தெரிய வேண்டும். கடன் அடைந்துபோன பழைய இயந்திரம் கொஞ்சம் தந்தாலும் லாபம்தான் என்று நினைக்கிற முதலாளியைக் குறை சொல்ல முடியாது. அவர் வசதிக்காக நல்ல காற்றை மாநிலம் வீணாக விட்டுக்கொண்டிருக்கிறது என்பதையும் மறுக்க முடியாது. கடலுக்குள் காற்றாலை வைக்க, குஜராத்துக்கும் நமக்கும் தலா 500 மெகாவாட்டுக்கென 2024 ஜூனில் மத்திய அரசு ஒப்புதல் தந்த உதவித்தொகைத் திட்டம் ரூ. 7,453 கோடி. கரையில் முப்பந்தலைச் சரிசெய்வது அதைவிட மலிவு என்பது என் அபிப்பிராயம்.

காற்றாலையைச் செய்யச் செலவான ஆற்றலை அது வாழ்நாளில் திருப்பித் தராது என்று ஒரு பேச்சு வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. பொய். சுமாரான இடத்தில்கூட ஓராண்டுக்குள் திருப்பித் தந்துவிடும். பராமரிப்பு, தடம், சேமிப்பு, அனல் நிலையத்துக்கான நிலைக்கட்டணத்தில் ஒரு பங்கு எல்லாவற்றையும் சேர்த்தாலும், நல்ல இடத்தில் நிறுவிய புதிய காற்றாலை, புதிதாகக் கட்டும் அனல் நிலையத்தோடு போட்டியில் நிற்கும். இது என் தீர்ப்பு. பல மில்கள் இன்னும் உயிரோடு இருப்பதே சொந்தக் காற்றாலையால்தான் என்பது இந்த அரங்கில் இருப்பவர்களுக்கே தெரியும்.

எனக்குள்ள குறை ஒன்றுதான். காற்று இருந்தும் நிறுத்திவைத்த யூனிட் எத்தனை, எந்தத் துணைமின்நிலையத்தில், எந்த மணியில், என்ன காரணத்தால் என்ற பட்டியல் ஒவ்வொரு சீசன் முடிவிலும் பொதுமக்கள் பார்வைக்கு வர வேண்டும். கோளாறில் நின்ற இயந்திரங்களின் பட்டியலும் அதோடு வர வேண்டும். அதை மறைப்பதில் முதலாளிகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. இந்த இரண்டு பட்டியலும் இல்லாமல் எந்தச் செலவு யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. மின்கட்டணத்தை மாற்றும் முன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துகிறது. 2022ல் கோவையிலும் மதுரையிலும் சென்னையிலும் நடத்தினார்கள். அங்கே பேச யாருடைய சிபாரிசும் தேவையில்லை, பெயரைப் பதிந்தால் போதும். அடுத்த கூட்டத்துக்குப் போங்கள், எழுந்து நின்று இந்தப் பட்டியலைக் கேளுங்கள். மாணவர்கள் கட்டாயம் போக வேண்டும்.